பிசினில் அகப்பட்ட வண்டின் சாட்சியம்

மியான்மரின் வடக்கே கச்சின் மாநிலத்தில் தோண்டியெடுத்த ஓர் அம்பர் துண்டு. அதற்குள் முதுகை வளைத்து, தலையைக் கீழே கவிழ்த்தபடி ஒரு வண்டு. நீளம் நான்கேகால் மில்லிமீட்டர். 2019ஆம் ஆண்டில் சீனாவின் நான்ஜிங் நகரத்து ஆய்வாளர்கள் அதற்கு ஆஞ்சிமோர்டெல்லா பர்மிட்டினா என்று பெயர் வைத்தார்கள். வண்டின் மெல்லிய மயிர்களுக்கு நடுவே மகரந்தத் துகள்கள் ஒட்டியிருந்தன. லேசர் ஒளி பட்டால் மகரந்தம் தானே ஒளிரும். அந்த ஒளியை வைத்துத் துகள்களை எண்ணினார்கள். மொத்தம் 62. ஒவ்வொரு துகளிலும் மூன்று வரிப்பள்ளங்கள் இருந்தன. அத்தகைய மகரந்தம் பூக்கும் தாவரங்களின் ஒரு பெரும்பிரிவுக்கே உரியது. ஆக, சுமார் 9.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் உலவிய காட்டில், ஒரு வண்டு பூவுக்குப் போய் மகரந்தத்தை உடம்பில் சுமந்துகொண்டு கிளம்பியிருக்கிறது. அதுவரை பூக்கும் தாவரத்தையும் பூச்சியையும் இப்படி நேரடியாக இணைத்த புதைபடிவத் தடயம் எதுவும் 5 கோடி ஆண்டுகளுக்கு அப்பால் போனதில்லை.

இங்கே எது பெரிய செய்தி? புதிய வண்டினம் ஒன்று கிடைத்ததா? உலகில் பெயரிடப்பட்ட வண்டினங்கள் ஏற்கெனவே ஏறத்தாழ 4 லட்சம். அந்தப் பட்டியலில் இன்னொன்று சேர்வதால் நம் அறிவில் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடாது. செய்தி அந்த 62 துகள்களில் இருக்கிறது. பாறையில் பதிந்த வண்டு பெரும்பாலும் அதன் முன்சிறகு உறையை மட்டும் நமக்குத் தருகிறது. அம்பரில் அகப்பட்ட வண்டு தான் யாரோடு வாழ்ந்தது, எதைத் தின்றது, யார் வீட்டில் ஒண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. உடலைக் காட்டிலும் உறவுதான் அம்பரின் செல்வம் என்பது என் துணிபு. அந்த உறவைப் படிக்கும் வேலை எவ்வளவு கவனம் கேட்பது, எங்கெல்லாம் ஏமாற்றக்கூடியது, இன்று எப்படிச் சிதைந்துவருகிறது என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை.

முதலில் பிசின். கருவேல மரத்தில் வடியும் பிசினைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். அது ஒருநாளும் அம்பர் ஆகாது. குங்கிலியம் தண்ணீரில் கரையாது. தீயில் போட்டால் மணத்தோடு புகையும். அம்பர் இந்த இரண்டாவது வகையிலிருந்து பிறந்தது. மரம் காயப்பட்டதும் வடியும் இந்தப் பிசினில் எளிதில் ஆவியாகும் டெர்பீன் சேர்மங்கள் உண்டு. அவை பறந்துபோன பிறகு, எஞ்சிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. மண்ணுக்குள் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்தால் அம்பர் ஆகிறது. அவ்வளவு காலம் ஆகாத பிசினைக் கோபால் என்பார்கள். சந்தையில் அம்பர் என்று விற்கப்படுபவற்றில் கோபாலும் கணிசமாக உண்டு. பூச்சி உள்ளே விழுந்ததும் பிசின் அதன் ஈரத்தை உறிஞ்சி, பாக்டீரியாக்களின் வேலையை மட்டுப்படுத்துகிறது. ஆனாலும் பல பூச்சிகளின் உள்ளுறுப்புகள் அழிந்து, வெளித்தோல் மட்டும் ஒரு வெற்றறையின் சுவர்போல் மிஞ்சுகிறது.

எல்லாப் பூச்சியும் இந்தப் பொறியில் சம அளவில் விழுவதில்லை. பெரிய வண்டு உதறிக்கொண்டு தப்பிவிடும். சிறியது மாட்டிக்கொள்ளும். மரப்பட்டையில் ஊர்வதும், பட்டையைத் துளைப்பதும் அதிகம் அகப்படும். உச்சிக் கிளையின் பூவில் வாழ்வது அபூர்வமாகவே அகப்படும். இதை ஊகமாக விடாமல் சோதித்தும் பார்த்தார்கள். மடகாஸ்கரில் இன்றும் ஏராளமாகப் பிசின் வடிக்கும் ஹைமெனேயா மரங்களைத் தேர்ந்து, பிசினில் அகப்பட்ட பூச்சிகளையும் அதே காட்டில் வைத்த வெவ்வேறு பொறிகளில் விழுந்த பூச்சிகளையும் ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: பிசின் காட்டுகிற உலகம் மரத்தண்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது, முழுக் காடும் அல்ல. அம்பரில் ஒரு பூச்சி இல்லை என்பதால் அந்தக் காட்டில் அது இல்லை என்று சொல்ல முடியாது என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்.

இதற்கு நேரெதிரான புதிரும் ஒன்று உண்டு. நீரில் வாழும் வண்டுகளும் அம்பரில் கிடைக்கின்றன. குளத்தில் நீந்துவது மரத்தில் வடியும் பிசினுக்குள் எப்படி வந்தது? அலெக்சாண்டர் ஷ்மிட், டேவிட் டில்ச்சர் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புக்காட்டில் பைன் மரங்களின் பட்டையைக் கீறிவிட்டார்கள். பிசின் வழிந்து நேரே நீருக்குள் இறங்கியது. நீருக்குள்ளும் அது உடனே இறுகவில்லை. நீந்திவந்த வண்டுகளும் நுண்ணுயிர்களும் அதில் சிக்கின. 2007இல் வந்த இந்த ஆய்வு அதுவரை சொல்லப்பட்டுவந்த சிக்கலான விளக்கங்களுக்கு வேலையில்லாமல் செய்தது. ஆஞ்சிமோர்டெல்லாவை விவரித்த கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரும் இதே டில்ச்சர்தான். பூக்களின் பழங்கால வரலாற்றைத் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்ட தாவரவியலாளர் அவர்.

சரி, ஒரே துண்டுக்குள் இரண்டு உயிர்கள் இருந்தால் அவற்றுக்குள் உறவு இருந்தது என்று சொல்லிவிடலாமா? கூடாது. பிசின் வழியும் பாதையில் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். அடுத்தடுத்து இருப்பது தற்செயலாக இருக்கலாம். மகரந்தம் பக்கத்தில் மிதந்தால் அது காற்றில் வந்ததாக இருக்கலாம். உடம்பின் மயிரிலேயே கொத்தாக ஒட்டியிருந்தால் சாட்சியம் ஒருபடி ஏறுகிறது. எச்சத்திலேயே மகரந்தம் இருந்தால் இன்னும் ஒருபடி. பெல்ரெட்டஸ் விவிஃபிகஸ் என்ற சிறு வண்டின் அருகே, மகரந்தம் நிறைந்த எச்ச உருண்டைகள் கச்சின் அம்பரில் கிடைத்தன. 2021இல் அதை விவரித்தார்கள். அந்த வண்டு பூவைத் தேடி வந்ததோடு மகரந்தத்தைத் தின்றும் இருக்கிறது. ஆக, தொடக்கக் காலப் பூக்களுக்கு வண்டு தூதும் போனது, அவற்றைச் சாப்பிடவும் செய்தது. இன்றைய தோட்டத்திலும் நிலைமை அதுதான்.

பூக்களுக்கு முன்பே வண்டுகள் இந்த வேலையைப் பழகியிருக்கலாம் என்பது இன்னும் சுவையான செய்தி. 2018இல் சாய் சென்யாங்கும் கூட்டாளிகளும் கிரெட்டோபாராகுகுஜஸ் சைக்கடோஃபிலஸ் என்ற வண்டைப் பற்றி எழுதினார்கள். அதன் தாடைகளின் அடியில் மயிரடர்ந்த குழிகள் இருந்தன. மகரந்தத்தை அள்ளிச் சுமப்பதற்கான அமைப்பு அது. பக்கத்தில் கிடந்த மகரந்தம் சைக்கஸ் வகைத் தாவரத்தினுடையது. சைக்கஸ் பூப்பதில்லை, கூம்புதான் விடும். இதோடு நின்றிருந்தால் தற்செயல் என்று சொல்ல இடமிருந்திருக்கும். ஆனால் இந்த வண்டின் நெருங்கிய உறவினம் இன்றும் மேற்கு ஆஸ்திரேலியாவில் வாழ்கிறது. அங்கேயும் அது சைக்கஸ் குழுவைச் சேர்ந்த மேக்ரோஸாமியாவின் கூம்புகளில்தான் மகரந்தம் சுமக்கிறது. உடலமைப்பு, அருகே கிடந்த மகரந்தம், இன்றைய உறவினத்தின் வாழ்க்கை மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது மறுப்பது கடினம்.

விருந்தாளி வண்டுகளின் கதை இதைவிட எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது. கறையான் புற்றிலும் எறும்புப் புற்றிலும் நுழைந்து, வீட்டாருக்குத் தெரியாமலோ அவர்களை ஏமாற்றியோ பிழைக்கும் வண்டுகள் இன்று நிறைய உண்டு. அவற்றில் ஒரு கூட்டத்தின் உடல் முன்புறம் அகன்று, பின்புறம் கூம்பி, கவிழ்த்த கேடயம்போல இருக்கும். தலையும் கால்களும் கேடயத்துக்குள் ஒடுங்கிவிடும். கறையான் கடித்தால் பற்றுவதற்கு ஒன்றும் அகப்படாது. 2017இல் அறிவிக்கப்பட்ட கிரெட்டோட்ரிகோப்செனியஸ் வண்டுக்கு அச்சாக இதே உருவம். 2019இல் எறும்புகளின் விருந்தாளியாகப் பிரோமைர்மிஸ்டர் என்ற வண்டை விவரித்தார்கள். இரண்டும் கச்சின் அம்பரில் வந்தவை. அம்பரில் கிடைத்த எறும்புகளில் மிகப் பழையவையே ஏறக்குறைய 10 கோடி ஆண்டு வயதுடையவை. அப்படியென்றால் எறும்புகள் கூட்டாக வாழத் தொடங்கிய காலத்தை ஒட்டியே, அந்தக் கூட்டத்தைச் சுரண்டிப் பிழைக்கும் வண்டும் வந்துவிட்டது. எனினும் இந்த வண்டுகள் யாருடைய புற்றுக்குள்ளும் பிடிபடவில்லை. உடலின் வடிவத்தை இன்றைய உறவினங்களோடு ஒப்பிட்டுப் பெற்ற முடிவு இது. நான் இதை ஏற்கிறேன். ஆனால் உடம்பில் ஒட்டிய மகரந்தத்துக்குத் தரும் அதே நம்பிக்கையை இதற்குத் தர மாட்டேன்.

நிறம் பற்றியும் சொல்லவேண்டும். பொன்வண்டின் பச்சை சாயத்தால் வருவதல்ல. தோலின் மெல்லிய அடுக்குகள் ஒளியைப் பிரித்துத் திருப்புவதால் வருவது. சாயம் காலத்தில் சிதைந்துவிடும். அடுக்கு சிதையாமல் இருந்தால் நிறமும் இருக்கும். 2020இல் 35 அம்பர் பூச்சிகளை ஆராய்ந்தபோது குளவிகளிலும் வண்டுகளிலும் நீலப்பச்சை, ஊதாநீலம் முதலிய உலோக நிறங்கள் அப்படியே தெரிந்தன. வைரக் கத்தியால் தோலை மெல்லியதாகச் சீவி, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்ததில் அடுக்குகள் குலையாமல் இருந்தன. வேறு சில பூச்சிகள் வெள்ளிபோல் மின்னின. அவற்றில் அடுக்குகள் சிதைந்திருந்தன. அருங்காட்சியகத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சியைக் கண்டால், அது உயிரோடிருந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்று எண்ண வேண்டியதில்லை.

ஒளி நுழையாத அம்பரையும் இன்று படிக்க முடிகிறது. பிரான்சின் ஷரான்ட் பகுதி அம்பர் பெரும்பாலும் கல்போல் இருண்டது. கிரெனோபிள் நகரத்து சின்க்ரோட்ரான் கூடத்தின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதில் 2 கிலோ அம்பரைத் துருவியபோது 356 உயிரினங்கள் புலப்பட்டன. அதுவரை கண்ணுக்கு வெறும் கல்லாகத் தெரிந்தவை அவை. 2008இல் இது அறிவிக்கப்பட்டது.

மரபணு விஷயத்தில் மட்டும் அம்பர் கைவிரித்துவிட்டது. லெபனான் அம்பரில் கிடைத்த, 12 முதல் 13.5 கோடி ஆண்டு வயதுள்ள கூன்வண்டு ஒன்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்துவிட்டதாக நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. நாள் 1993 ஜூன் 10. மறுநாள் அமெரிக்கத் திரையரங்குகளில் ஜுராசிக் பார்க் வெளியானது. உலகம் நம்பத் தயாராக இருந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் அத்தகைய சோதனைகளை மறுபடி செய்துபார்த்தார்கள். பூச்சியின் டி.என்.ஏ. கிடைக்கவில்லை என்று 1997இல் எழுதினார்கள். கூன்வண்டினுடையது என்று சொல்லப்பட்ட வரிசை பூஞ்சையிலிருந்து கலந்ததாக இருக்கலாம் என்று அடுத்த ஆண்டு வேறொரு கட்டுரை காட்டியது. பின்னர் 2020இல், பிசினிலிருந்து எடுத்த வண்டுகளின் டி.என்.ஏ. உண்மையாகவே கிடைத்தது. மரத்தைத் துளைக்கும் அந்த வண்டுகள் மடகாஸ்கர் பிசினில் சிக்கி 6 ஆண்டுகளும் 2 ஆண்டுகளும்தான் ஆகியிருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பாய நினைத்த துறை, ஒற்றை இலக்க ஆண்டுகளிலிருந்து அடியெடுத்து வைப்பதை நான் பின்னடைவாகப் பார்க்கவில்லை. அறிவியல் நிதானம் அடைந்ததாகப் பார்க்கிறேன்.

நிதானம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம், போலிகள். லண்டன் அருங்காட்சியகத்தில் பால்டிக் அம்பருக்குள் ஓர் ஈ இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே விவரிக்கப்பட்டது அது. கோடி ஆண்டுகளாக மாறாத இனம் என்று அறிஞர்கள் அதை எடுத்துக்காட்டினார்கள். 1993இல் ஆண்ட்ரூ ராஸ் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போது, விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி விரிசல் விழுந்தது. யாரோ அம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, இக்காலத்து ஈயை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

கச்சின் அம்பரின் வயது தெரியவந்த வழியும் நீண்டது. 1890களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஃப்ரிட்ஸ் நோட்லிங் கச்சினில் உள்ள ஹுகாங் பள்ளத்தாக்கைப் பார்வையிட்டு, அந்தப் படிவுகளை வெகு இளையவை என்று கணித்தார். மாண்டலேயிலிருந்து ஸ்வின்ஹோ என்பவர் அனுப்பிய துண்டுகளை அமெரிக்காவில் டி. டி. ஏ. காக்கரெல் 1916 முதல் விவரித்தார். உள்ளே இருந்த பூச்சிகள் அவ்வளவு இளையவையாக அவருக்குத் தோன்றவில்லை. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலமாக இருக்கலாம் என்று ஐயுற்றார். பூச்சிகளே சொன்ன அந்த வயது பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2012இல்தான் எரிமலைச் சாம்பலின் சிர்க்கான் படிகங்களை அளந்து 9 கோடியே 87.9 லட்சம் ஆண்டுகள், 6.2 லட்சம் ஆண்டு கூடலாம் குறையலாம் என்று திட்டப்படுத்தினார்கள். 2019இல் அதே அம்பருக்குள் ஓர் இளம் அம்மோனைட்டும் கிடைத்தது. கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரினம் அது. காட்டுப் பூச்சிகளோடு அதே துண்டில் கடற்கரையும் சேர்ந்து அகப்பட்டிருந்தது. அந்த அம்மோனைட்டைப் பீமைட்டஸ் என்ற குழுவில் சேர்த்தார்கள். அந்தக் குழுவுக்கு அடிப்படையான இனத்தை 1865இல் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா விவரித்தது நம் அரியலூர் வட்டாரத்தை உள்ளடக்கிய தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் பாறைகளிலிருந்துதான். ஒரே கடல் இந்த இரண்டு கரைகளையும் தொட்டிருக்கலாம். பர்மாவின் நிலத்துண்டு அன்று நிலநடுக்கோட்டுக்கு அருகே ஒரு தீவுவளைவின் பகுதியாக இருந்தது என்றும், பின்னர் இந்தியத் தட்டோடு சேர்ந்து வடக்கே நகர்ந்தது என்றும் காந்தப் பதிவுகளை வைத்து 2019இல் ஒரு குழு காட்டியது. ஆக அது தீவின் காடாக இருந்திருக்கலாம். தீவுக்காட்டில் கண்டதை உலகம் முழுவதுக்கும் பொருத்திவிடக் கூடாது.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். மேலே சொன்ன கச்சின் வண்டுகள் பெரும்பாலும் ஆய்வாளர் கையால் தோண்டியவை அல்ல. சுரங்கத்துக் கூலிகள் குறுகிய குழிகளில் இறங்கி எடுத்து, எல்லை தாண்டிச் சீனாவின் தெங்சோங் சந்தையில் விற்று, அங்கிருந்து ஆய்வகத்துக்கு வந்தவை. அந்த வட்டாரத்தில் மியான்மர் ராணுவத்துக்கும் கச்சின் விடுதலைப் படைக்கும் நெடுங்காலப் போர். 2017 ஜூனில் ராணுவம் சுரங்கப் பகுதியிலிருந்து மக்களை வெளியேறச் சொல்லித் துண்டறிக்கைகளைப் போட்டது. பிறகு சுரங்கங்களைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் முதுகெலும்பிகளின் தொல்லுயிரியல் சங்கம், அந்தக் காலத்துக்குப் பின் வாங்கிய அம்பரைப் பற்றிய கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. சில இதழ்கள் இசைந்தன, பல இசையவில்லை. அந்தக் கட்டுரைகளில் மியான்மரைச் சேர்ந்த இணையாசிரியரின் பெயர் அரிதாகவே இருக்கிறது.

இதை அறத்தின் கேள்வியாக மட்டும் வைத்துவிட்டு ஆய்வு தனிப்பாதையில் போகலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் உடன்படவில்லை. மேலே சொன்ன 9.88 கோடி என்ற வயது ஹுகாங் பள்ளத்தாக்கின் ஒரு படிவுக்கு உரியது. அதே நாட்டின் கம்தி பகுதி அம்பர் சுமார் 11 கோடி ஆண்டுகள் பழையது. திலின் பகுதியினுடையது சுமார் 7.2 கோடி. சந்தைத் தட்டில் மூன்றும் கலந்துவிட்டால் ஒரு வண்டின் வயதில் கோடிக்கணக்கான ஆண்டு பிசகலாம். பூ முதலில் வந்ததா, அதைத் தேடும் வண்டு முதலில் வந்ததா என்று கேட்கும் இயலுக்கு இது சின்னப் பிசகு அல்ல. ஒரு துண்டுக்கும் அது கிடந்த மண்ணடுக்குக்கும் உள்ள உறவும் அம்பரின் சாட்சியத்தில் ஒரு பாதி. சுரங்கத்தில் இறங்கியவரின் உயிரை விலைபேசும் வணிகம் அந்தப் பாதியையும் சேர்த்து அழிக்கிறது.

வேறு வழி இருக்கிறது. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், ஜெர்மனி, அமெரிக்கா, லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து சுமார் 150 கிலோ அம்பர் சேகரித்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 5 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த அம்பரில் 700க்கும் மேற்பட்ட கணுக்காலிகள், 55 குடும்பங்கள். தனித்து மிதந்துவந்த கண்டத்துக்குத் தனிப்பட்ட பூச்சிகளே இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். கிடைத்தவற்றில் பலவற்றுக்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்கூட உறவினங்கள் இருந்தன. அம்பரைத் தந்த மரம் டிப்டெரோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரமும் அதே குடும்பம். இந்த அம்பர் முழுதாக இறுகாதது என்பதால், தக்க கரைப்பானில் கரைத்துப் பூச்சியை முழுதாக வெளியே எடுக்கவும் முடிகிறது. இத்தனை அருமையான சேகரம் நம் நாட்டில் இருந்தும் தமிழ்நாட்டின் விலங்கியல் துறைகளில் அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

ஸ்பெயினின் தெருவெல் மாகாணத்து சான் ஹுஸ்த் படிவு இன்னொரு எடுத்துக்காட்டு. அங்கே ஆய்வாளர்களே தோண்டினார்கள். எந்தத் துண்டு எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியும். அந்த 10.5 கோடி ஆண்டு அம்பரில் மென்தூவி இறகுகளும், அவற்றோடு பின்னிக்கிடந்த வண்டுப் புழுக்களின் உரித்த தோல்களும் கிடைத்தன. 2023இல் இதை விவரித்தார்கள். வீட்டில் கம்பளியையும், அருங்காட்சியகத்தில் பாடம்செய்த பறவைகளையும் அரிக்கும் டெர்மெஸ்டிட் வண்டுகளின் கூட்டத்தைச் சேர்ந்தவை அவை. புழு ஒருமுறை தோலுரித்துவிட்டு நகர்ந்துபோகவில்லை. அடுத்தடுத்துத் தோலுரித்திருக்கிறது. எனவே இறகு உதிர்ந்து குவியும் இடத்தில் அது தங்கி வளர்ந்திருக்கிறது. அந்த இறகு டைனோசருடையதா, ஆதிப் பறவையினுடையதா என்று இறகை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ஆனால் இறகுடைய ஒரு விலங்கு ஓய்வெடுத்த இடத்தின் அருகே ஒரு மரம் பிசின் வடித்துக்கொண்டிருந்தது என்பதும், அந்த இறகுக் குப்பையைத் தின்று வளர ஒரு வண்டு அங்கே குடியிருந்தது என்பதும் அந்தத் துண்டுகளில் தெரிகின்றன.